துண்டும் சம்பளச் சீட்டும்
(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். 1914இல்தான் தலைமன்னாருக்குக் கப்பலும் ரயிலும் வந்தன. அவர்கள் பட்ட கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறியது. அதை வாசிக்கத் தெரியாதவர்களே அதிகம். 1921இல் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது.

இன்று நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். "18இல் 14ஐக் கழி" என்றால் 4 என்று உடனே சொல்லும் பிள்ளை, "இரண்டுக்கும் வித்தியாசம் யாது?" என்று கேட்டால் முழிக்குது. கணக்குத் தெரியாமல் இல்லை, சொல் தெரியலை. புலமைப்பரிசில் பரீட்சையிலும் இப்படித்தான் புள்ளி போகிறது.

இந்தச் சொற்களை வீட்டிலேயே புழங்குங்கள். காலையில் 8 கிலோ கொழுந்து, பின்னேரம் 10 கிலோ: மொத்தம் 18, வித்தியாசம் 2. ரொட்டியைப் பிய்க்கும்போது அரைவாசி, கால்வாசி. 14 பிஸ்கட்டை 4 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 3, மீதி 2.

எழுத்திலும் அப்படியே. பிள்ளை அன்றைக்குக் கண்டதை மூன்று வசனம் எழுதட்டும். வசனம் முடிந்தால் முற்றுப்புள்ளி, கேள்வி என்றால் வினாக்குறி. ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொன்னால் அது பந்தி.

சம்பளத்தன்று சீட்டைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். எது மொத்தம், எது கழிவு, எது மீதி என்று பிள்ளை சொல்லட்டும். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் வெட்கப்பட வேண்டாம், கேட்டாலே போதும். தாத்தா வாசிக்காத துண்டுக்குப் பேரப்பிள்ளை தரும் பதில் அதுதான்.