முட்டிக்குள் இருக்கும் சாமான்



கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீடு முதல் மாடி. பதினெட்டுப் படி. அறுபது தாண்டியபின் அம்மா அந்தப் பதினெட்டையும் எண்ணி எண்ணி ஏற ஆரம்பித்தார். ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று, அப்புறம் அடுத்த படி. மார்கழியில் குனிந்து புள்ளி வைத்தவர், ஒரு வருஷம் முக்காலி போட்டுக்கொண்டு கோலம் போட்டார். அடுத்த வருஷம் வாசலில் ஸ்டிக்கர் கோலம் வந்துவிட்டது. யாராவது கேட்டால், "ஜவ்வு தேஞ்சு போச்சு" என்பார்.

அவர் சொன்ன ஜவ்வு, குருத்தெலும்பு. தொடை எலும்பும் கால் எலும்பும் உரசாமல் வழுக்கிப் போவதற்காக நுனியில் இருக்கும், சில மில்லிமீட்டர் கனமுள்ள மெத்தை. அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் தேய்ந்தால் திரும்ப வளர்வதில்லை. படி ஏறும்போது முட்டியில் இறங்கும் பாரம், நம் உடம்பின் எடையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அம்மா படியில் நின்று நின்று ஏறியதில் தப்பே இல்லை.

2019இல் ஒரு முட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. தொடை எலும்பின் நுனியைச் சீவி, கோபால்ட் குரோமியத்தில் ஒரு தொப்பி. கீழே கால் எலும்பின்மேல் டைட்டானியத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக் துண்டு. நடக்கிற நடையெல்லாம் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்தான்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மாற்றிய முட்டிகளில் பத்துக்கு எட்டு, 25 வருஷம் தாங்குகின்றன என்று 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. கிருமி தொற்றுவது, பொருத்தியது தளர்ந்துபோவது, தேய்ந்த பிளாஸ்டிக் தூள் சுற்றியுள்ள எலும்பை அரிப்பது, இவையெல்லாம் மிச்சமுள்ளவர்களின் கதை.

அம்மாவுக்கு மூன்றாம் வருஷம் முட்டி வீங்கியது. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்த மேடவாக்கம் மெயின் ரோட்டில், ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். புதிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார்: "என்ன கம்பெனி? என்ன சைஸ்?" பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றினால் போதும் என்று வந்தால், அதே கம்பெனியின் அதே அளவுதான் பொருந்துமாம்.

ஃபைலைப் புரட்டினேன். பில்லில் 'முட்டி இம்பிளாண்ட்' என்று ஒரு வரி, பக்கத்தில் தொகை. அவ்வளவுதான். அம்மா என்னைப் பார்த்தார். "ஏண்டா, மிக்சிக்கே வாரண்டி கார்டு வச்சிருக்கோம். எனக்குள்ள வச்ச சாமானுக்குப் பேரு இல்லையா?"

பேர் இருக்கத்தான் வேண்டும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முட்டி இம்பிளாண்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமிய மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது. விலைக் குறைப்பு மட்டும் பேப்பரில் பெரிதாக வந்தது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் விலையும், கம்பெனி பெயரும், பேட்ச் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று அதே உத்தரவில் இருந்ததை யார் கவனித்தார்கள்? நான் கவனிக்கவில்லை.

பேட்ச் எண் எதற்கு என்பதற்கு இடுப்பு மூட்டில் ஒரு பாடம் இருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம், ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு இம்பிளாண்டை 2010இல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. உலோகமும் உலோகமும் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. பல வருஷம் கழித்து அரசு அமைத்த குழு பார்த்தபோது, அவர்களில் நான்கில் ஒரு பங்கைத்தான் கண்டுபிடிக்க முடிந்திருந்தது. 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி வரை இழப்பீடு என்று 2018இல் கணக்குப் போட்டார்கள். கொடுப்பதற்கு ஆளைத் தேட வேண்டியிருந்தது.

முட்டியிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் எக்ஸாக்டெக் நிறுவனம் 2021, 2022இல் தன் பிளாஸ்டிக் துண்டுகளைத் திரும்பப் பெற்றது. அவற்றைச் சுற்றிய உறையில் ஓர் அடுக்கு விட்டுப்போயிருந்தது. உள்ளே புகுந்த ஆக்சிஜனால் பிளாஸ்டிக் சீக்கிரமே தேயக்கூடும். ஒருவர் தன் முட்டி அதில் ஒன்றா என்று தெரிந்துகொள்ள, பெட்டியில் இருந்த எண்ணைத் தவிர வேறு வழியில்லை.

ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் பிரித்து ஒட்டுகிற மாதிரி சின்ன ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, அளவு, பேட்ச் எண் எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை ஒட்டித் தரச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

நாங்கள் பழைய மருத்துவமனைக்கு மூன்று தடவை நடந்தோம். மூன்றாம் தடவை, ஆபரேஷன் தியேட்டர் குறிப்பின் ஜெராக்ஸ் கிடைத்தது. அதில் நான்கு ஸ்டிக்கர்கள், கொஞ்சம் மங்கலாக. கடைசியில் இம்பிளாண்டில் ஒரு கோளாறும் இல்லை. முட்டியிலிருந்து நீர் எடுத்துப் பார்த்ததில் கிருமியும் இல்லை. பிசியோவை மூன்றே வாரத்தில் நிறுத்தியதால் தொடைத் தசை வலுவிழந்திருந்தது. இப்போது காலில் மணல்பை கட்டிக்கொண்டு, சீரியல் பார்த்தபடியே காலை நீட்டி மடக்குகிறார்.

அந்த ஜெராக்ஸை ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே போட்டு வைத்திருக்கிறார். மேலே பேனாவால் எழுதியிருக்கிறார்: வலது கால்.