தேடி வருவோர்க்கு வழிகாட்டுவோம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இயல், இசை, நாடகம் என முத்தமிழும் முழங்கும் இம்மேடையில் நம் சங்கத்தின் இணையத்தளத்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம். மெட்ரிக் வரையே பயின்று, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய்க் காலங்கழிக்கும் நமக்கு இப்பொருளில் பேசத் தகுதி ஏது என்று சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயமே. ஆயினும் ஒரு நிகழ்ச்சி நம்மைப் பேசத் தூண்டிற்று.

சென்ற மார்கழியில், மண்டியில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மையார், நாம் வீட்டாரோடு தமிழில் பேசுவதைக் கேட்டு அருகில் வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். நம் காலனிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கின்றனர். வந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் அவ்வீட்டில் ஒரு துக்கமும் நேர்ந்துவிட்டது. “அண்ணாச்சி, இங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறதா என்று வந்த அன்றைக்கே போனில் தேடினோம். ஒன்றும் வரவில்லையே! எங்கள் அத்தை இறந்தபோது அக்கம்பக்கத்து இந்திக்காரர்கள்தாம் தோள் கொடுத்தார்கள். அவர்கள் நன்றாயிருக்கட்டும். ஆனால் ஒரு தேவாரம் பாட ஆளில்லை” என்று கூறிக் கண்கலங்கினார்.

அன்பர்களே! நம் சங்கத்தில் தேவாரம் ஓதவல்லார் அறுவர் உளர். நள்ளிரவில் அழைத்தாலும் ஓடிவரும் இளைஞர் இருபது பேர் உளர். இணையத்தளமும் உண்டு. இருந்தும் அக்குடும்பத்தார்க்கு நாம் இல்லாதவர் ஆனோம். இது தேடியவர் குற்றமன்று, நம் குற்றமே.

அன்றிரவே சங்கத்துக் கல்லூரி மாணவர் இருவரைத் துணைக்கொண்டு ஆராய்ந்தோம். கூகுள் முதலிய தேடுபொறிகள் செய்யும் வேலை மூன்று. இணைப்புகளைப் பின்பற்றிச் சென்று பக்கங்களைப் பார்வையிடுதல் ஒன்று. ஆங்குக் கண்டவற்றை அட்டவணையில் பதிதல் இரண்டு. ஒருவர் கேட்ட மாத்திரத்தில் அவ்வட்டவணையைப் புரட்டிப் பொருத்தமானவற்றை வரிசைப்படுத்திக் காட்டுதல் மூன்று. ஆகவே, நாம் ஒன்றைத் தேடும்பொழுது தேடுபொறி உலகத்தைத் தேடுவதில்லை. தன் பேரேட்டைத்தான் தேடுகின்றது. லேபிள் கிழிந்த மூட்டை உரியவரைச் சேராமல் கிடங்கின் மூலையில் கிடப்பதை நாம் அலுவலகத்தில் கண்டிருக்கின்றோம். நம் தளமும் அத்தகைய மூட்டையாகவே கிடந்தது.

கண்ட குறைகளைக் கூறுகின்றோம். முதலாவது, விழா அழைப்பு, வகுப்பு நேரம், தொலைபேசி எண் யாவற்றையும் படங்களாகவே ஏற்றியிருந்தோம். மனிதக் கண்ணுக்கு அவை அழகு. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பதிந்துகொள்ளும் என்று நம்பியிருத்தல் கூடாது. செய்தியை எழுத்தாகவே தட்டச்சிட்டு, படத்துக்கும் ஒருவரி விளக்கம் தருதல் வேண்டும்.

இரண்டாவது, நம் பழைய கட்டுரைகள் பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. அவற்றில் ‘அம்மா’ என்பது திரையில் அம்மாவாகத் தோன்றினும், உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகவே இருக்கும். தேடுபொறி காண்பது அக்குவியலையே. 1991இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதனை ஏற்றது. நாம்தாம் மாறாது இருந்தோம்.

மூன்றாவது, தலைப்பு. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தோன்றும் வரி பெரும்பாலும் அதுவே. நம் பக்கங்கள் அனைத்திற்கும் ‘முகப்பு’ என்றே தலைப்பு இருந்தது! ஒவ்வொரு பக்கத்திற்கும் ஊர்ப்பெயர், சங்கத்தின் பெயர், பக்கத்தின் பொருள் ஆகிய மூன்றும் அமைந்த தனித் தலைப்பு வேண்டும்.

நான்காவது குறைக்கு நம் தமிழார்வமே காரணம். ‘செந்தமிழ்ப் பயிற்சிக் கூடம்’ என்று நாம் எழுதினோம். பிள்ளையைச் சேர்க்க விழையும் தாயோ ‘தமிழ் கிளாஸ்’ என்று தேடுகின்றார். அதுவும் பலகால் ஆங்கில எழுத்தில். செந்தமிழைக் கைவிட வேண்டுவதில்லை. அதன் அருகிலேயே மக்கள் வழங்கும் சொல்லையும் எழுதுதல் வேண்டும். வீட்டு வாசலில் கோலமும் வேண்டும், கதவிலக்கமும் வேண்டும் அல்லவா?

இனி, பிறர் தரும் சான்று. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவராயிருந்த லாரி பேஜ், செர்கேய் பிரின் இருவரும் 1998இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு தளத்திற்குப் பிற நல்ல தளங்கள் இணைப்புக் கொடுப்பதை நன்மதிப்பின் அடையாளமாகக் கொள்வது அவர்தம் முறை. இன்று வேறு பல அளவைகள் சேர்ந்துள்ளன. எனினும் இதன் மதிப்புக் குறையவில்லை. கோயில், பள்ளி, அண்டை நகரத் தமிழ்ச் சங்கங்கள் ஆகியோரிடம் நம் தளத்திற்கு இணைப்புத் தருமாறு கேட்போம். நாமும் அவர்க்குத் தருவோம். கூகுள் வரைபடத்தில் சங்கக் கட்டடத்தைப் பதிவதற்கும் கட்டணமில்லை.

ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். ஒரே வாரத்தில் முதலிடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்டு ஒருவர் நம்மை அணுகினார். முதலிடத்திற்கு எவரும் உறுதி தர இயலாது என்பது கூகுளே கூறும் செய்தி. இணைப்புகளை விலைக்கு வாங்குதலும், கண்ணுக்குத் தெரியாமல் சொற்களை ஒளித்துவைத்தலும் அதன் விதிகளுக்கு மாறானவை; பிடிபட்டால் உள்ள இடமும் போகும். குறுக்குவழி வேண்டா.

தை மாதத்தில் முகப்பையும் வகுப்புப் பக்கத்தையும் திருத்தினோம். உடனே பயன் தெரியவில்லை; சில வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது. வைகாசியில், மாற்றலாகி வந்த இரு குடும்பத்தார், வந்த வாரத்திலேயே செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தனர். அவர்தம் பிள்ளைகள் இன்று நம் வகுப்பில் பயில்கின்றனர்.

எனினும் பதினான்கு ஆண்டு மலர்கள் இன்னும் பழைய எழுத்துருவில் உறங்குகின்றன. நம் பெரியோர் எழுதிய காலனி வரலாறும், தாய்மார் எழுதிய சமையற் குறிப்புகளும் அவற்றில் உள. எழுத்துருவை மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் பிழை திருத்தத் தமிழறிந்த கண் வேண்டும். ஓய்வுபெற்ற பெரியோர்களே, அந்தக் கண் உங்களுடையது. இளைஞர்களே, விரல் உங்களுடையது. வீட்டுக்கு இரண்டு பக்கம் என்று ஏற்றுக்கொண்டால் அடுத்த பொங்கலுக்குள் பணி முடியும். பெயர் கொடுக்க விரும்புவோர்க்காக வாயிலில் ஒரு நோட்டு வைத்துள்ளோம்.

மண்டியில் கண்ட அந்த அம்மையாரின் மகன் இன்று காலை குறள் ஒப்புவித்தலில் கலந்துகொண்டதை நீங்கள் கண்டீர்கள். அவன் ஏழு மாதம் முன்னரே வந்திருக்க வேண்டியவன். இனி வரும் ஒரு குடும்பமும் அவ்வாறு காத்திராதபடி செய்வோமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!