பிரிட்டோரியாவில் ஒரு தீர்ப்பு



நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு நான் அவ்வப்போது செல்வதுண்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால் செம்மேடு வரும். அங்கே வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரி ஆண்ட மலை அது. முள்ளூர் மன்னனாகிய காரி அவனைக் கொன்று, மலையைச் சேரர்க்கு அளித்தான் என்பது சங்கப் பாட்டு நமக்குத் தரும் செய்தி.

ஒருநாள் அச்சிலையருகே நின்றிருந்தபோது, உடன்வந்த மாணவன் ஒருவன், "ஐயா, அன்று ஓரி வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டான். "நடந்ததைக் கற்பதே வரலாறு; நடவாததைக் கேட்பது வீண்" என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டேன். மலையிறங்கும்போதுதான் என் விடை பிழை என்று தோன்றியது. வேறு எவ்வாறு நடந்திருக்கக்கூடும் என எண்ணிப் பாராதவன், நடந்ததன் அருமையை எங்ஙனம் அறிவான்? அம்மாணவனுக்கு நான் பட்ட கடனை இன்று ஒரு வழக்கின் வரலாற்றால் தீர்க்க முயல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி கோலோச்சிய காலம். 1956 டிசம்பரில் அரசத்துரோகக் குற்றஞ்சாட்டி 156 பேரை அரசு கைதுசெய்தது. கறுப்பர், வெள்ளையர், இந்தியர் எல்லாரும் அதில் இருந்தனர். நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவராகிய டாக்டர் மாண்ட்டி நாயக்கர் அவர்களுள் ஒருவர். நெல்சன் மண்டேலா மற்றொருவர். வழக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. வன்முறையால் அரசைக் கவிழ்ப்பதே அவர்கள் கொள்கை என்பதை அரசால் மெய்ப்பிக்க இயலவில்லை. எஞ்சி நின்ற முப்பதின்மரும் 1961 மார்ச் 29-ஆம் நாள் விடுதலை பெற்றனர்.

தோற்ற அரசு பாடம் கற்றது. ஆயின் நீதியின் பாடத்தை அன்று. 1962-இல் நாசவேலைச் சட்டம் பிறந்தது. மரண தண்டனைக்கும் இடந்தந்தது அச்சட்டம். 1963 ஜூலை 11-ஆம் நாள் ரிவோனியாவிலுள்ள பண்ணை ஒன்றில் காவலர் புகுந்து தலைவர் பலரைப் பிடித்தனர். முன்னரே சிறையிலிருந்த மண்டேலாவும் அவர்களோடு கூண்டில் நிறுத்தப்பட்டார்.

கூண்டில் நின்றவர்கள் தம் செயலை மறைக்கவில்லை. 1964 ஏப்ரல் 20-ஆம் நாள் மண்டேலா ஏறக்குறைய மூன்று மணிநேரம் பேசினார். தாம் கொண்ட இலட்சியத்துக்காக உயிர்விடவும் ஆயத்தம் என்று முடித்தார். அந்த இறுதித் தொடரில் 'வேண்டுமாயின்' என்னும் ஒரு சொல்லைச் சேர்க்குமாறு ஜார்ஜ் பிசோஸ் என்னும் வழக்கறிஞர் வற்புறுத்தினார் என்பர். சாவைத் தேடிச் செல்கிறவர் போல் தோன்றலாகாது என்பது அவர் கருத்து. மரணத்தின் வாயிலில் ஒரு சொல்லுக்கு எத்துணை எடை!

இனி, அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். 1964 ஜூன் 12-ஆம் நாள் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் நீதிபதி குவார்ட்டஸ் டி வெட், "தூக்கு" என்று தீர்ப்பளித்திருந்தால்?

இது வெறுங்கற்பனை அன்று. சட்டம் அதற்கு இடந்தந்தது. தூக்கு விதிக்கப்பட்டாலும் மேல்முறையீடு செய்வதில்லை என்று மண்டேலாவும் சிசுலுவும் எம்பெக்கியும் முன்னரே உறுதிபூண்டிருந்தனர். ஆதலின் அச்சொல் வந்திருந்தால், கயிற்றுக்கும் அவர்களுக்கும் இடையே நின்றிருக்கக்கூடியது அரசின் கருணை ஒன்றே.

அவ்வாறு நேர்ந்திருந்தால் நிறவெறி ஆட்சி நிலைத்திருக்குமோ? நான் அப்படி நினைக்கவில்லை. 1976-இல் சொவேட்டோ வீதிகளில் இறங்கிய மாணவரை எழுப்பியது அவர்தம் சொந்தத் துன்பமே. ஆட்சி வீழ்ந்தே இருக்கும். எவ்வாறு வீழ்ந்திருக்கும் என்பதே கேள்வி. 1993 ஏப்ரல் 10-ஆம் நாள் கிறிஸ் ஹானி என்னும் மக்கள் தலைவரை வெள்ளை வெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். நாடு தீப்பற்றும் நிலை. அப்பொழுது தொலைக்காட்சியில் தோன்றி, கொன்றவன் வெள்ளையன். அவனைப் பிடிக்கத் துணைநின்றவளும் ஒரு வெள்ளைப் பெண்மணியே என்று எடுத்துச் சொல்லி, மக்களை அமைதிகொள்ளச் செய்தவர் மண்டேலா. இருபத்தேழு ஆண்டு சிறையிருந்தவர் சொன்னதனால் அச்சொல் செல்லுபடியாயிற்று. அவர் 1964-இலேயே மாண்டிருந்தால் அன்றிரவு யார் சொல்லை மக்கள் கேட்டிருப்பர்? ஓராண்டு கழித்து, 1994 ஏப்ரலில், எல்லா நிறத்தாரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்த காட்சியை உலகம் கண்டிருக்குமா?

அத்தூக்கைத் தடுத்தது எது? ஒரு கை அன்று, பல கைகள். அரசுக்கு எதிராகக் கொரில்லாப் போர் தொடங்க இன்னும் முடிவு செய்யப்படவில்லை என்பதை வழக்கறிஞர்கள் நிலைநாட்டினர். அவர்கள் தலைவர் பிராம் பிஷர், ஆளும் ஆப்பிரிக்கானர் சமூகத்தின் பெருங்குடியிற் பிறந்தவர். பின்னர் 1966-இல் அவரே ஆயுள் தண்டனை பெற்றார். எழுத்தாளர் ஆலன் பேட்டன் சாட்சிக் கூண்டேறித் தண்டனைக் குறைப்பு வேண்டினார். 1963 அக்டோபர் 11-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, அவ்வழக்கைக் கைவிடுமாறு தீர்மானித்தது. ஆதரவு 106, எதிர்ப்பு ஒன்று. அவ்வொன்று தென்னாப்பிரிக்காவே. எண்மருக்கும் ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது.

ஈண்டு நான் உங்களிடம் மறைக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. நாம் கற்பனையில் கண்ட அம்முடிவு வேறு மூவருக்கு மெய்யாயிற்று. வுயிசிலே மினி என்பவர் தொழிற்சங்கத் தலைவர். பாடல் இயற்றிப் பாடுபவர். 1956-இல் கைதான 156 பேருள் அவரும் ஒருவர். நாசவேலை செய்தார், காவல்துறைக்கு உளவு சொன்னவர் எனக் கருதப்பட்ட ஒருவரின் கொலையில் பங்குகொண்டார் என்று குற்றஞ்சாட்டி, 1964 நவம்பர் 6-ஆம் நாள் அவரையும் தோழர் இருவரையும் தூக்கிலிட்டனர். ரிவோனியாத் தீர்ப்பு வந்து ஐந்து திங்கள்கூட ஆகவில்லை. உலகம் அவர்களுக்காகவும் வேண்டியது, வேண்டுதல் பலிக்கவில்லை. 'வேறு விதமாக நடந்திருந்தால்' என்று நாம் கேட்கும்போது, தப்பியவரை மட்டும் எண்ணினால் போதாது. தப்பாதவரையும் எண்ணுதல் வேண்டும்.

மீண்டும் கொல்லிமலைக்கு வருகிறேன். ஓரியைக் கொன்ற காரி மலையமான் குடியினன். மலையமானின் மக்களைச் சோழன் கிள்ளிவளவன் யானைக் காலில் இடத் துணிந்தபோது, கோவூர்கிழார் என்னும் புலவர் அவன்முன் நின்றார். அச்சிறுவர் யானையைக் கண்ட வியப்பில் அழுகையையும் மறந்து நிற்பதைச் சுட்டினார். நான் சொன்னேன், இனி உன் விருப்பம் என்று முடித்தார். சிறுவர் உயிர்பிழைத்தனர் என்பது வழிவழிச் செய்தி. தம் சொல் பலிக்குமா என்பது அப்புலவருக்கும் தெரியாது; பிரிட்டோரியாவில் வாதாடியவர்க்கும் தெரியாது. தெரியாமலே சொன்னார்கள். பலிப்பது உறுதியானால்தான் பேசுவோம் என்று அவர்கள் காத்திருந்தால், எல்லா வழக்கும் மினியின் வழக்காகவே முடிந்திருக்கும்.

அன்று நான் வாயடைத்த மாணவன் இதைக் கேட்டுக்கொண்டிருப்பான் என நம்புகிறேன். தம்பி, உன் கேள்வி நல்ல கேள்வி. இனி யார் தடுத்தாலும் அதைக் கேட்பதை விட்டுவிடாதே.