ஷிப்டு மாறும் நேரமும் நோயாளியின் உயிரும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



ஷிப்டு மாறுகிற நேரத்தைப் பற்றி மில் தோழர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ரிங் பிரேமில் சைடு பார்க்கிறவர் வெளியே போகுமுன், "இந்தப் பக்கம் இழை அதிகம் அறுகிறது, பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். இராத்திரி தண்ணீர் பாய்ச்சுகிற தோழரும் அப்படியே. எந்த மடை திறந்திருக்கிறது, எந்த வரப்பில் நண்டு வளை என்று சொல்லாமல் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனால், விடியும்போது பாதி நாற்று மூழ்கிக் கிடக்கும்.

ஆஸ்பத்திரியிலும் ஷிப்டு மாறுகிறது. அங்கே ஒரு வார்த்தை விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

கார்டிங் மெஷினில் கை சிக்கிய தோழர் ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பென்சிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. முன்பொரு தடவை போட்டு, உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியவர். சேர்க்கும்போதே பகல் டாக்டரிடம் சொன்னோம். அவரும் எழுதிக்கொண்டார். இரவு எட்டு மணிக்கு ஆள் மாறிற்று. ஒன்பது மணிக்குப் புது நர்ஸ் ஊசியோடு வந்தார். "என்ன ஊசிம்மா இது?" என்று கேட்டார் தோழரின் மனைவி. பென்சிலின் வகை என்றதும் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அவர் டீ வாங்க வெளியே போயிருந்தால்?

நாங்கள் நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டோம். அது தவறு. அவர் பொறுப்பில் நாற்பது படுக்கை. பகல் நர்ஸ் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறார். பென்சிலின் விஷயம் முதல் தாளின் அடியில் எழுதியபடியே கிடந்தது. புரட்டிப் பார்க்க அவருக்கு அவகாசம் இல்லை.

இது ஏதோ ஒரு ஊரின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2007-ல் நோயாளிகளின் பாதுகாப்புக்கென்று ஒன்பது வழிகளை வெளியிட்டது. நோயாளியைக் கைமாற்றும்போது ஒழுங்காகத் தகவல் சொல்வது அவற்றில் ஒன்று.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது இடங்களில், குழந்தைகள் வார்டுகளில், இதைச் செய்து பார்த்தார்கள். முடிவு 2014-ல் வெளிவந்தது. டாக்டர்கள் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டுப் போகாமல், ஒரே வரிசையில் சொல்லப் பழக்கினார்கள். நோய் எவ்வளவு கடுமை என்பது முதலில். பிறகு இதுவரை நடந்தது, இனிச் செய்ய வேண்டியது. இரவில் மூச்சு வாங்கினால் என்ன செய்வது என்று வரக்கூடியதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசியில், கேட்டுக்கொண்டவர் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்; சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்க வேண்டும். எங்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் மிகவும் பிடித்தது. சொன்னவர் சொல்லிவிட்டேன் என்பார். கேட்டவர் காதில் விழுந்ததா என்பது திருப்பிச் சொன்னால்தானே தெரியும்?

10,740 சேர்க்கைகளைக் கணக்கெடுத்தார்கள். நூறு சேர்க்கைக்கு 24.5 ஆக இருந்த தவறுகள் 18.8 ஆயின. தடுத்திருக்கக்கூடிய தீங்குகள் 4.7-லிருந்து 3.3-க்கு இறங்கின. நேரமும் கூடவில்லை. ஒரு நோயாளிக்கு முன்பு 2.4 நிமிடம், பிறகு 2.5 நிமிடம், அவ்வளவே.

"செலவே இல்லை, உத்தரவு போட்டால் போதும்" என்று நிர்வாகங்கள் சந்தோஷப்பட வேண்டாம். நாற்பது படுக்கைக்கு இரண்டரை நிமிடம் வீதம் பெருக்கிப் பாருங்கள். நூறு நிமிடம்! அது யாருடைய நேரம்? பஸ்ஸுக்கு ஓடுகிற நர்ஸின் சொந்த நேரமா? ஒரு ஷிப்டு முடியுமுன்பே அடுத்த ஷிப்டு வந்து சேர வேண்டும். அந்த நேரத்துக்கும் சம்பளம் வேண்டும். ஒருவர் தலையில் நாற்பது படுக்கையைக் கட்டக் கூடாது. நர்ஸுகள் இதைக் கேட்கும்போது, படுக்கையில் கிடக்கப்போகிற நாமும் கூடச் சேர்ந்து கேட்க வேண்டும்.

அந்தத் தோழருக்கு இரண்டு விரல் போயிற்று, உயிர் பிழைத்தார். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஆள் மாறும்போதெல்லாம் புதிதாக வருகிறவரிடம் அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் இரண்டு தோழர்கள் பேனாவோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட மருந்து உள்ளவர்கள் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் காட்டி, எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.