ஓடைக்கும் ஓர் எண்
(பொன்னமராவதியில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



கிளை ஏதும் வந்து சேராத ஓடை முதல் வரிசை. இரண்டு முதல் வரிசை ஓடைகள் கூடினால் இரண்டாம் வரிசை. அதில் இன்னொரு முதல் வரிசை ஓடை கலந்தால்? 'ஒன்றும் இரண்டும் மூன்று' என்றே சில ஆண்டுகள் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். அப்போதும் அது இரண்டாம் வரிசைதான். சமமான இரண்டு சேர்ந்தால்தான் எண் ஒன்று கூடும். ஹார்ட்டன் 1945இல் வகுத்ததை 1950களில் ஸ்ட்ராலர் திருத்தி அமைத்த முறை இது.

வெள்ளாற்றை நம் மாணவர்கள் அறிவார்கள். மழைக்கு மட்டும் ஓடும் சிற்றோடைகளுக்குப் பெயர்கூட இருப்பதில்லை. அவற்றின் மதிப்பை எப்படிச் சொல்வது?

கரும்பலகையில் மூன்றாம் வரிசை வரை படம் வரைந்து, உச்சியிலுள்ள ஒரு கோட்டை அழிக்கச் சொன்னேன். அழித்த மாணவி, அதன் கீழிருந்த 2ஐ 1 ஆக்கினாள். அதற்கும் கீழே 3 என்பது 2 ஆனது. உடனே கேட்டாள்: "சார், எங்க ஊர் ஓடையை மேவி வயலாக்கிட்டாங்க. அதான் கண்மாய்க்குத் தண்ணி வரலையா?"

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் வகுப்பே ஓடைத் தடம் தேடி நடந்தது. நீங்களும் உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள ஓடையிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.