செவிட்டில் அறைந்த கை

வாசகர் வட்டத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு 'கேள்வி'. கல்வி, கல்லாமை என்று இரண்டு அதிகாரம் சொல்லிவிட்டு 42ஆவதாக வள்ளுவர் வைத்தது இது. படிக்க வாய்க்காதவனுக்குக் காதாவது இருக்கிறதே என்கிற நம்பிக்கை. அந்தக் காதே அடைபட்டுப்போன பிள்ளை என்ன செய்யும்? இதைக் கேட்க எனக்குத் தகுதி குறைவுதான். ஏன் என்று சொல்கிறேன்.

34 வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். நம் பக்கம் கோபம் வந்தால் வாயில் வருகிற சொல் என்ன? "செவிட்டில் அறைவேன்." கன்னத்தை விட்டுவிட்டுக் காதைத் தேடிப் போகிறது பாருங்கள் நம் கோபம்! உள்ளங்கையால் விடுகிற ஒரே அறை, நல்ல செவிப்பறையையும் கிழித்துவிடக் கூடும். அது தெரியாமல் மூன்றாம் வகுப்பில் ஒரு பையனை அறைந்தேன். நாலு தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை என்பது அவன் செய்த குற்றம். கையில் ஈரம் ஒட்டியது. முகர்ந்தால் நாற்றம். சீழ்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. "சளி புடிச்சா ரெண்டு காதும் ஒழுவும் சார். வளந்தா சரியாயிரும்னு மாமியா சொன்னாங்க" என்றார். ரெண்டு வயதிலிருந்தே ஒழுக்காம். எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள், தாய்ப்பால் பீய்ச்சியிருக்கிறார்கள். ஊக்கும் கோழி இறகும் உள்ளே போய் வந்திருக்கின்றன.

பிற்பாடு மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூக்கின் பின்புறத்துக்கும் நடுக்காதுக்கும் நடுவே ஒரு சிறு குழாய். நமக்கு அது சரிவாக இறங்குகிறது. குழந்தைக்கோ குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவாட்டில் கிடக்கிறது. சளியோடு கிருமியும் சுலபமாக ஏறிவிடும். மல்லாக்கப் போட்டுப் புட்டிப்பால் கொடுத்தால் பாலும் ஏறும். உள்ளே சீழ் கட்டி, பறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கிழிந்ததும் வலி அடங்கிவிடும். அழுகை நின்றது, ஆகிவிட்டது குணம் என்று நாம் ஏமாறுவது அங்கேதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த ஓட்டை தானாகவே மூடிக்கொள்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் ஒழுகினால் அதை நாள்பட்ட நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் கணக்கில் வைக்கிறது.

பறைக்கு அந்தப் பக்கம் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். அங்கவடி, நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு, பாதி அரிசிமணி அளவு. வருடக்கணக்கில் சீழில் ஊறினால் இவை அரித்துப்போகும். சில காதுகளில் தோல் உள்நோக்கி வளர்ந்து எலும்பைத் தின்று, மூளைவரைக்கும் கிருமிக்கு வழி திறந்துவிடும்.

ஒழுகாத காதும் உண்டு. பறைக்குப் பின்னால் பசைபோல நீர் தேங்கி நிற்கும். வலி இருக்காது. பிள்ளை டிவியைச் சத்தமாக வைக்கும், எதற்கெடுத்தாலும் "ஆ?" என்னும். பேச்சுப் பழகுகிற வயதில் இது மாதக்கணக்கில் நீடித்தால், மெல்லிய ஒலிகள் அதன் காதில் விழுவதே இல்லை. விழாத ஒலி வாயில் எப்படி வரும்? முதலில் மழலை என்று கொஞ்சுகிறோம், பள்ளிக்கு வந்ததும் மக்கு என்கிறோம்.

ஒழுகுகிற காதுக்கு வைத்தியம் எளிது. சுத்தமான துணியைத் திரியாக முறுக்கிச் சீழை ஒற்றியெடுத்துவிட்டு, மருத்துவர் எழுதித் தரும் சொட்டு மருந்தை விட வேண்டும். குளத்திலும் கிணற்றிலும் முங்கக் கூடாது. எண்ணெய் கூடவே கூடாது. ஓட்டை மூடாவிட்டால், காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டுப் போடுகிறார்கள்.

என் மாணவனுக்கு அந்த ஒட்டைப் போட்டது 19 வயதில். வலது காது தேறியது. இடது காதில் எலும்பு ஏற்கெனவே அரித்துப் போயிருந்தது. போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தான். என் வலப்பக்கம் நாற்காலி போட்டேன். அவன் அதைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தான். "இப்படி உக்காந்தாத்தான் சார் நீங்க பேசறது கேக்கும்" என்று சிரித்தான்.

நான் வலக்கைக்காரன். எதிரே நிற்கும் பிள்ளையை அறைந்தால் எந்தக் காதில் விழும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.