தாடி போச்சு, மீசை மிச்சம்

போன மாசம் நண்பர்களோட ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூர்ல டீ குடிச்சிட்டிருக்கும்போது, என் தாடியைப் பார்த்து ஒருத்தன் கேட்டான்: "டேய், தாடிங்கிறது தமிழ்ச் சொல்லா?"

"இதுல என்னடா சந்தேகம்? இல்லைன்னா இங்கேயே ஷேவ் பண்ணிக்கிறேன்"னு வீராப்பா சொல்லிட்டேன்.

தோத்துட்டேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனை போன்லயே தேடினோம். 'தாடி' சமஸ்கிருத 'தாடிகா'விலிருந்து வந்ததுன்னு இருக்கு. அந்த 'தாடிகா'வுக்கு மூலம் 'தம்ஷ்ட்ரா'. அர்த்தம், கோரைப்பல்! பிராகிருதத்துல அது 'தாடா'ன்னு தேய்ஞ்சுது. பல்லுக்கு வச்ச பேரு, பக்கத்துல முளைச்ச முடிக்கும் ஒட்டிக்கிச்சு. இந்தியில இன்னைக்கும் கடைவாய்ப்பல் 'தாட்', தாடி 'தாடீ'.

இன்னும் பின்னாடி போனா, 'கடி'ங்கிற அர்த்தத்துல ஒரு வேர். சமஸ்கிருதத்துல 'தம்ச்', கிரேக்கத்துல 'தாக்னோ', ரெண்டுமே கடிக்கிறதுதான். இதுக்கெல்லாம் தாய், ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழி. சுமார் 5000 வருஷத்துக்கும் முன்னாடி பேசினது. எழுத்தில் எதுவும் மிஞ்சலை. பிள்ளை மொழிகளோட ஒலிகளை ஒப்பிட்டுத்தான் அறிஞர்கள் அதை மீட்டெடுத்தாங்க.

அப்போ இங்கிலீஷ் 'பியர்டு' நம்ம தாடிக்குச் சொந்தமா? இல்லை. அது வேற வேர். லத்தீன் 'பார்பா'வோட உறவு. 'பார்பர்' வந்ததும் அந்த பார்பாவிலிருந்துதான். இங்கிலீஷ்ல தாடிக்குத் தூரத்துச் சொந்தம் எது தெரியுமா? 'டாங்ஸ்', அதாவது இடுக்கி. அதுவும் கடிச்சுப் பிடிக்குது இல்லையா!

சரி, பழந்தமிழர் தாடியை எப்படிச் சொன்னாங்க? 'அணல்'னு. சங்கப் பாடல்கள்ல வருது. தாடை, கழுத்து, தாடி எல்லாத்தையும் அந்த ஒரே சொல் குறிச்சிருக்கு.

தாடி வெளியிலிருந்து வந்த சொல்லுங்கிறதுல எனக்கு வருத்தமே இல்லை. எப்பவோ வந்து நம்ம வீட்டுப் பிள்ளையாவே ஆயிடுச்சு. 'அணல்'னு ஒண்ணு இருந்ததே தெரியாம, தமிழுக்காகப் பந்தயம் கட்டினேன் பாருங்க, அதுதான் உறுத்துது.

பந்தயம் பந்தயம்தானே? சலூன்ல போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் கேட்டார்: "மீசையும் எடுக்கணுமா தம்பி?"

"வேண்டாம்ணே!"

தெலுங்குல மீசம், கன்னடத்துல மீசெ, மலையாளத்துல மீச. அது நம்ம திராவிடக் குடும்பத்துச் சொல். அது இருக்கட்டும்.